மொட்டை மாடிக்குக் கீழே 24 நாற்காலி: ஒரு திருப்பூர் அலுவலகத்தை மாற்றி அமைத்த கணக்கு

சித்திரை இரண்டாம் வாரம், மாலை நாலரை மணி. கூரைத் தளத்தின் அடிப்புறத்தை நோக்கி இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடித்தால் 37 டிகிரி. போன வருடம் இதே வாரம், இதே நேரம், இதே இடத்தில் 43. அப்போது நான்கு ஏசியும் 18-இல் வைத்து ஓடின. இப்போது மூன்று ஓடுகின்றன, 26-இல். இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் ஐப்பசியில் தொடங்கிய வேலையின் கணக்கை மூடினோம்.

இடம்: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் அலுவலகம், அதாவது பையர் எனப்படும் வாங்கும் நிறுவனங்களின் ஆர்டரைக் கவனிக்கும் பிரிவு. 48 அடிக்கு 28 அடி, 1,344 சதுர அடி. தரையிலிருந்து கூரை 10 அடி 3 அங்குலம். மேலே மொட்டை மாடி, கீழே சாம்பிள் தையல் பிரிவு. நீளமான வடக்குச் சுவரில் ஜன்னல்கள் உண்டு, ஆனால் அதில் 26 அடியை முதலாளி அறையும் மீட்டிங் அறையும் அடைத்துக்கொண்டிருந்தன. மேற்குச் சுவரில் 5×4 அடி ஜன்னல் நான்கு. இருக்கை 24, அதில் பெண்கள் 15.

முதலாளி எங்களிடம் கேட்டது எளிமையான கேள்வி: "ஆளுங்க ரெண்டு வருசம் நிக்க மாட்டேங்கறாங்க. ஆபீஸ் ஜம்முனு இருந்தா நிப்பாங்களாங்க?" கூடவே கைபேசியில் நாலைந்து படங்கள்: ஆரஞ்சுச் சுவர், பீன் பேக், சுவர் நிறைய ஆங்கில ஊக்க வாசகம். வாசகம் ஒட்ட மட்டும் 18,000 ரூபாய்க்கு ஒரு விலைப்புள்ளி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் அளந்துவிட்டு வருகிறோம், அதுவரை எதையும் வாங்க வேண்டாம் என்று சொன்னோம்.

அளவெடுப்பு

வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் 1,600, கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் 4,800, இன்ஃப்ராரெட் வெப்பமானி 1,400, ஒலி அளவி 1,900 ரூபாய். கைபேசிச் செயலியில் லக்ஸ் பார்ப்பதை நம்ப வேண்டாம். ஒரே மேசையில் இரண்டு கைபேசிகள் 140 என்றும் 260 என்றும் காட்டின. ஐந்து வேலை நாள், காலை பத்தரை, பகல் ஒன்றரை, மாலை நாலரை என மூன்று வேளை, 24 இருக்கையிலும் அளவு. முடிந்தபோது கையில் இருந்தது இது:

வெளிச்சம்: ஜன்னலை ஒட்டிய நான்கு இருக்கை தவிர மற்றவற்றில் 170 முதல் 210 லக்ஸ். அலுவலக மேசைக்கு 300-க்குக் குறையக் கூடாது, துணி பார்க்கிற வேலைக்கு 450-ஐ இலக்காக வைத்தோம்.

காற்று: காலையில் ஆள் வருவதற்கு முன் கார்பன் டை ஆக்ஸைடு 430 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 430 பங்கு). பகல் பன்னிரண்டுக்கு 2,000-ஐத் தாண்டியது. ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது, வெளிக்காற்றை அது உள்ளே கொண்டுவருவதில்லை. மூன்று மணிக்குக் கொட்டாவி வருவதற்குச் சோற்றை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

சத்தம்: படிக்கட்டுக் கதவை ஒட்டிய இருக்கைகளில் 68 டெசிபல். கீழேயுள்ள ஓவர்லாக் தையல் இயந்திரங்களின் இரைச்சல் படிக்கட்டு வழியாகத்தான் ஏறியது, தளம் வழியாக அல்ல. கதவை ஈரத் துணியால் சுற்றி அடைத்து அளந்தபோது 62-க்கு இறங்கியதை வைத்து இதைக் கண்டுபிடித்தோம்.

கூடவே ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம், இடைஞ்சல் ஒன்றை மட்டும் எழுதுங்கள் என்று ஒரு டப்பா வைத்தோம். சூடு 8, போன் பேச்சுச் சத்தம் 6, நாற்காலி 4, கழிவறை 3, வெளிச்சம் 2, சாப்பிட இடமில்லை 1. பீன் பேக் கேட்டு ஒரு சீட்டும் இல்லை. முதலாளியின் மேசையில் வைத்தது இந்த டப்பாவைத்தான், வரைபடத்தை அல்ல. வாசகம் ஒட்டும் செலவு அங்கேயே நின்றது.

தரையில் டேப் ஒட்டிய இரண்டு நாள்

வரைபடம் போடும் முன் 2 அங்குல மாஸ்கிங் டேப்பால் தரையிலேயே மேசை, நடைவழி, கதவு திறக்கும் அரைவட்டம் எல்லாவற்றையும் ஒட்டினோம். பத்து ரோல், 450 ரூபாய். இந்த வேலையிலேயே லாபமான செலவு அதுதான். காகிதத்தில் சரியாக இருந்த 2 அடி 6 அங்குல நடைவழி, இரண்டு பேர் ஆளுக்கொரு சாம்பிள் ஹேங்கர் கட்டோடு எதிரெதிரே வந்தபோது முட்டியது. 3 அடி 6 அங்குலம் ஆக்கினோம். அதற்காக ஒரு வரிசையில் ஒரு மேசையைக் குறைத்து, கிழக்கு மூலையில் சேர்த்தோம்.

பெரிய முடிவு மூன்று. ஒன்று, முதலாளி அறையும் மீட்டிங் அறையும் வடக்கு ஜன்னலை விட்டுத் தெற்குச் சுவருக்குப் போக வேண்டும். வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் ஒரே மாதிரி, அதிகம் கூசாது. அது 24 பேருக்குக் கிடைக்க வேண்டுமா, இரண்டு பேருக்கா என்று கேட்டதும் முதலாளி ஒப்புக்கொண்டார். இரண்டு, மேற்குச் சுவரை ஒட்டி யாரும் உட்காரக் கூடாது. அங்கே சாம்பிள் அலமாரி. வெயில் வாங்கும் சுவருக்கும் ஆளுக்கும் நடுவே துணி அடுக்கு ஒரு தடுப்பாக நிற்கும். மூன்று, எந்தக் கணினித் திரையும் ஜன்னலைப் பார்க்கவோ, ஜன்னலுக்கு முதுகு காட்டவோ கூடாது. ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால்தான் திரையில் பளபளப்பு விழாது.

அலமாரியில் ஒரு எச்சரிக்கை. மேற்குச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் சுவர் ஓதம் அட்டைப்பெட்டியில் ஏறும். ஜன்னலுக்கு நேரே வரும் தட்டுகளில் லேப் டிப் (நிற ஒப்புதலுக்குச் சாயமிட்ட மாதிரித் துணித் துண்டு) வைக்கவே கூடாது, நிறம் வெளுத்துப் போகும். அங்கே கோப்புகளும் பட்டன் டப்பாக்களும் போதும்.

தீபாவளி விடுப்பைக் கணக்குப் போட்டது

திருப்பூரில் இந்த வேலைக்குத் தோதான நேரம் தீபாவளி விடுப்பு என்று தோன்றும். ஊரே பூட்டிக் கிடக்கும், ஒன்பது நாள் கிடைக்கும். ஆசாரியும் வெல்டரும் பெயின்டரும் அதே தீபாவளிக்குத்தான் ஊருக்குப் போவார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். வடமாநிலத் தச்சர்கள் தீபாவளிக்கு அடுத்த வாரம் வரும் சத் பூஜையும் முடித்துத்தான் திரும்பினார்கள். ஒன்பது நாள் வேலை இருபது நாள் ஆனது. மிச்சம் பதினோரு நாள் 24 பேரும் கீழ்த்தளக் கூடத்தில் நீளமான பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். உற்சாகம் தரும் அலுவலகத்தின் தொடக்கம் அப்படி.

இன்னொன்று ஐப்பசி அடைமழை. மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்க தளம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். சூடுதான் முதல் புகார், ஆனால் அந்த வேலை தை மாதம் வரை தள்ளிப்போனது. அடுத்த முறை மாடி வேலை மாசியில், உள்வேலை ஆடியில்.

மேசை

பழைய மேசை 4×2 அடி. மெர்ச்சண்டைசருக்கு இது போதாது. கணினி, ட்ரிம் கார்டு (பட்டன், லேபிள் மாதிரிகள் ஒட்டிய அட்டை), விரித்துப் போட்ட டி-ஷர்ட், அளவு டேப் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். 5 அடிக்கு 2 அடி 6 அங்குலம் என்று வைத்தோம். மேல்பலகை 25 மி.மீ. ப்ரீ-லேமினேட்டட் பலகை, ஓரத்துக்கு 2 மி.மீ. பி.வி.சி. பட்டை. ஓரப் பட்டையில் 0.8 மி.மீ. போட்டு மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். கை உரசும் முன்விளிம்பில் அது ஒரு வருடத்தில் பிரியும், பிரிந்த பட்டை பின்னலாடையில் நூலை இழுக்கும். கால்கள் 40×40 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) சதுரக் குழாய், பவுடர் கோட்டிங். ஒரு மேசைக்கு 8,900 ரூபாய்.

தப்பு உயரத்தில் வந்தது. மேசை என்றால் 30 அங்குலம் என்பது ஆசாரிகளின் கைப்பழக்கம். அதைச் சரிபார்க்காமல் கால்களை வெட்டச் சொல்லிவிட்டோம், பலகையும் சேர்ந்து 30 ஆனது. ஐந்து அடி உயரமுள்ளவர் முழங்கை மேசைக்குச் சரியாக வரும்படி நாற்காலியை ஏற்றினால் கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றும்படி இறக்கினால் தோள் தூக்கிக்கொள்ளும். முதல் வாரமே பதினோரு பேருக்கு இந்தச் சிக்கல். ஒவ்வொரு காலிலும் ஒன்றரை அங்குலம் அறுத்து, அடிமூடியைத் திரும்பப் பொருத்தி 28.5 அங்குலத்துக்குக் கொண்டுவர 4,800 ரூபாய். வெட்டிய இடத்தில் பவுடர் கோட்டிங் போனதால் துரு பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு தொட்டுவைத்தோம்.

அப்படியும் ஆறேழு பேருக்குக் கால் முழுசாக ஊன்றவில்லை. மிஞ்சிய 19 மி.மீ. ப்ளைவுட் துண்டுகளில் 16×11 அங்குலத்தில் பன்னிரண்டு கால்மணை செய்தோம், பின்பக்கம் 4 அங்குலம், முன்பக்கம் இரண்டரை. அடியில் ரப்பர் துண்டு ஒட்டாவிட்டால் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகும். பன்னிரண்டும் பயனில் இருக்கின்றன. அடுத்த முறை முதல் மேசையை மட்டும் செய்து, குழுவில் உயரம் குறைந்தவரையும் அதிகமானவரையும் அரை நாள் உட்காரவைத்துப் பார்த்த பிறகே மற்ற 23-க்குக் குழாய் வெட்டுவோம்.

மேசைக்கு அடியில் முன்மறைப்புப் பலகை தரையிலிருந்து 14 அங்குலம் மேலே முடிய வேண்டும், முன்விளிம்பிலிருந்து 20 அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லையேல் முட்டி இடிக்கும்.

நாற்காலி

மூன்று மாதிரி வரவழைத்து ஒவ்வொன்றையும் ஒரு வாரம் நான்கு பேருக்குச் சுற்றில் விட்டோம். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து 24 வாங்குவது சூதாட்டம். 4,200 ரூபாய் மாதிரி முதல் மூன்று நாள் எல்லோருக்கும் பிடித்தது. நான்காம் நாள் ஒருவர் காட்டினார்: அதன் கைப்பிடி அசையாதது, மேசை விளிம்பில் இடித்து ஆளை உள்ளே வரவிடாது. ஆள் எட்டி உட்கார்ந்து முன்னால் சாய்வார், முதுகுச் சாய்மானம் சும்மா நிற்கும். கடைசியில் எடுத்தது வலை முதுகு, ஏறி இறங்கும் கைப்பிடி, இடுப்பு அணை நகரும் மாதிரி, 7,400 ரூபாய். இருக்கை ஆழம்தான் யாரும் அளக்காத அளவு. முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு 17 அங்குலம் சரியாக இருந்தது. பெரிய முதலாளி நாற்காலிகளில் 20 வரும், ஐந்தடிக்காரர் அதில் சாயவே முடியாது.

வாங்கி வைத்தால் வேலை முடியவில்லை. எந்த நெம்புகோல் எதற்கென்று பலருக்குத் தெரியாது. ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி நாற்காலி, திரை உயரம் இரண்டையும் சரிசெய்தோம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், தூரம் ஒரு கை நீளம். திரையை உயர்த்தப் பழைய துணி உருளை அட்டைக் குழாய்களை நறுக்கி அடியில் வைத்துக்கொண்ட இருவரின் யோசனையை எங்கள் மரத் தாங்கியைவிட மேல் என்றே சொல்ல வேண்டும்.

விளக்கு

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தோம். 10 அடி 3 அங்குலக் கூரையில் ஒரு அடி போனால் மின்விசிறி தலைமேல் வந்துவிடும். பதிலாக 4 அடி நீள எல்.இ.டி. தொங்கு விளக்கு, ஒன்று 40 வாட், ஏறத்தாழ 4,000 லூமென், 22 எண்ணம், தலா 1,650 ரூபாய். நிறம் 4,000 கெல்வின். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே கொடுப்பது 6,500, அந்த நீலவெள்ளையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் மருத்துவமனை வராந்தா மாதிரி இருக்கும்.

துணிக்கு நிறம் பார்க்கிற இடமாயிற்றே என்று ஆட்சேபம் வந்தது. நியாயமான ஆட்சேபம். ஆனால் ஷேட் பார்க்க அறை விளக்கு எதுவாக இருந்தாலும் போதாது. பையர் சொன்ன டி65 (பகல் வெளிச்சம் போன்றது), டி.எல்.84 (கடை வெளிச்சம் போன்றது) விளக்குகள் உள்ள லைட் பாக்ஸ் என்ற பெட்டியில்தான் பார்க்க வேண்டும். பெட்டி ஏற்கெனவே இருந்தது, நடைவழியில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில். அதைக் கிழக்கு மூலைக்கு மாற்றினோம். அங்கே ஒரு சறுக்கல்: முதலாளியின் ஆசைக்காக ஒரே ஒரு சுவருக்கு ஆரஞ்சு அடித்திருந்தோம், அது லைட் பாக்ஸுக்கு நேர் எதிர்ச் சுவர். வெள்ளைத் துணி பெட்டிக்குள்ளேயே லேசாகப் பழுப்பேறித் தெரிந்தது. மங்கிய சாம்பல் அடித்து மூட 2,200 ரூபாய்.

இதைவிடப் பெரிய சறுக்கல் விளக்கின் உயரம். முதலில் கூரையோடு ஒட்டி மாட்டினோம். லக்ஸ் மீட்டர் 460 காட்டியது, எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். விசிறியைப் போட்டதும் ஒருவர் சொன்னார்: "ஏனுங்க, கண்ணு முன்னாடி என்னமோ வெட்டி வெட்டிப் போற மாதிரியே இருக்குதுங்க." விசிறி இறக்கை விளக்குக்குக் கீழே சுற்றும்போது நிழல் மேசையில் துடிக்கிறது. சராசரியை மட்டும் காட்டும் மீட்டருக்கு இது தெரியாது. இறக்கை இருந்தது 8 அடி 9 அங்குலத்தில். விளக்குகளைக் கம்பிவடத்தில் 8 அடி 3 அங்குலத்துக்கு இறக்கி, இறக்கை நுனியிலிருந்து 2 அடியாவது தள்ளி மறுபடி மாட்டினோம், 6,500 ரூபாய். மேசையில் இப்போது 420 முதல் 480.

விசிறி எட்டும் பழையவை 75 வாட். எட்டுக்கும் பதிலாக மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி போட்டோம், தலா 3,100. ஒரு சின்ன வேடிக்கை: ஒரே மாதிரி எட்டு விசிறி, ஒரே மாதிரி எட்டு ரிமோட். ஒருவர் தன் விசிறியைக் குறைத்தால் மூன்று விசிறி குறையும். அந்த வாரம் நடந்த சண்டைகள் சூட்டால் வந்ததைவிட அதிகம். கடைக்காரரிடம் பேசிச் சுவர் ரெகுலேட்டரில் இயங்கும் மாதிரிக்கு மாற்றினோம், மூன்று இருக்கைக்கு ஒரு ரெகுலேட்டர், கைக்கெட்டும் தூரத்தில். 'என் தலைமேல் காற்று என் கையில்' என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஏசியை 18-இலிருந்து 26-க்கு உயர்த்தியபோது எதிர்ப்பு வராமல் போனதற்கு இந்த எட்டு ரெகுலேட்டர்தான் காரணம். ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் அடித்த இரண்டு இருக்கைக்கு 450 ரூபாய் அக்ரிலிக் திருப்பி ஒன்று போதுமானதாக இருந்தது.

காற்றும் கழிவறை நாற்றமும்

24 பேருக்கு மணிக்கு 700 கனமீட்டர் அளவு வெளிக்காற்று வேண்டும் என்று கணக்கிட்டு, தெற்குச் சுவரில் காற்றை வெளியேற்றும் 8 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி இரண்டு வைத்தோம். இயக்கிய பத்து நிமிடத்தில் அலுவலகம் முழுக்கக் கழிவறை வாடை. காரணம் எளிது: காற்றை வெளியேற்ற வழி செய்தோம், உள்ளே வர வழி செய்யவில்லை. ஜன்னல் எல்லாம் அடைத்திருக்க, கழிவறைக் கதவிடுக்கும் படிக்கட்டுக் கதவிடுக்கும்தான் திறந்திருந்த வாய். ஒன்றில் நாற்றம், இன்னொன்றில் பஞ்சுத் தூசி.

வடக்கு ஜன்னல் இரண்டின் மேல் கண்ணாடியை எடுத்து 12×12 அங்குல வாய் வைத்து, கொசுவலை, அதன் பின் கழுவக்கூடிய வடிகட்டி. கழிவறைக்குத் தனி எக்ஸாஸ்ட், அது எப்போதும் ஓடும். பிறகுதான் காற்று வடக்கிலிருந்து தெற்காகப் போயிற்று. பகல் பன்னிரண்டு மணி அளவு இப்போது 1,050 முதல் 1,100 பி.பி.எம். வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பஞ்சு படிந்து ஒரு மாதம் விட்டபோது 1,500-க்கு ஏறியது.

கழிவறைக்கு மொத்தச் செலவு 11,500. ஒழுங்காகப் பூட்டும் தாழ்ப்பாள், ஐந்தடி உயரத்தில் பை மாட்டக் கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, கண்ணாடி, ஒழுகாத குழாய். அளவெடுக்கப் போனபோது கொக்கி இல்லாமல் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். கொக்கியின் விலை 90 ரூபாய்.

சத்தம்

முதலில் பணத்தை வீணாக்கிய விதம்: முட்டைத் தட்டு வடிவ ஃபோம், 2 அங்குலம், 9,200 ரூபாய்க்கு வாங்கிப் படிக்கட்டுப் பக்கத் தடுப்பில் ஒட்டினோம். அளவி ஒரு டெசிபல்கூட இறங்கவில்லை. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது. அதோடு பஞ்சு பறக்கும் கட்டடத்தில் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். கழற்றி எறிந்தோம்.

வெளிச் சத்தத்தை நிறுத்துவது எடையும் இடுக்கின்மையும்தான். உள்ளே பொந்தான பழைய கதவை எடுத்துவிட்டு 35 மி.மீ. கெட்டிக் கதவு, நிலையைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட், கதவு மூடும்போது தானாக இறங்கும் அடிப்பட்டை. பழைய கதவின் கீழே 18 மி.மீ. சந்து இருந்தது. தடுப்புச் சுவர்கள் 7 அடியில் நின்றன, அவற்றைக் கூரை வரை ஏற்றி மேலிடுக்கை அடைத்தோம். 68 டெசிபல் 60 ஆனது. கதவு வேலைக்கு 14,500.

உள்ளே எழும் பேச்சொலிக்கு 9 மி.மீ. பாலியெஸ்டர் ஒலி அட்டை, 8×4 அடி, 20 தாள், தலா 2,100. 14 கூரைக்கு, 6 மீட்டிங் அறைக்கு. கூரையோடு ஒட்டாமல் 2 அங்குலக் கட்டை கொடுத்து இடைவெளி விட்டு அடிக்க வேண்டும், இடைவெளி இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

போன் பேச இரண்டு கூண்டு. ஒவ்வொன்றும் 4 அடிக்கு மூன்றரை அடி, 7 அடி உயரம். மரச்சட்டத்தின் இருபுறமும் 12 மி.மீ. ப்ளைவுட், நடுவே 50 மி.மீ. ராக்வூல் (கல் நார்), உள்பக்கம் ஒலி அட்டை. கதவில் 8 அங்குல அகலத்துக்கு நீளக் கண்ணாடி, உள்ளே யார் இருக்கிறார் என்பது வெளியே தெரிந்தாக வேண்டும். தலா 38,000. முதல் கூண்டில் காற்று வழி வைக்க மறந்தோம். கிட்டத்தட்ட அடுப்பு. பையரோடு இருபது நிமிடம் பேசியவர் நனைந்த சட்டையோடு வெளியே வந்தார். கணினிக்குள் இருக்கும் 120 மி.மீ. 12 வோல்ட் விசிறி இரண்டை, ஒன்று தள்ள ஒன்று இழுக்க, வளைந்த மரப்பாதை வழியாக வைத்தோம். நேர்த்துளை வைத்தால் பேச்சும் அதே துளை வழியாக வெளியே வரும். இரண்டு கூண்டு போதவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. ஐரோப்பா விழிக்கும் மதியம் இரண்டு மணிக்கு வரிசை நிற்கிறது. எட்டுப் பேருக்கு ஒன்று, அதாவது மூன்று வேண்டும்.

மின்வேலை பற்றி இரண்டே வரி. சாக்கெட்டுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர், நான்கு இருக்கைக்கு ஒரு சர்க்யூட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். மின்சாரமும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பட்டிக்குள் போகக் கூடாது, நடுத்தடுப்புள்ள பட்டி வாங்குங்கள்.

மாடி

தை பிறந்து ஒரு வாரம் கழித்து வெயில் உறுதியானதும் ஆரம்பித்தோம். தட்டோட்டில் இருந்த பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெடிப்பை அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, ப்ரைமர், பிறகு வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை, ஒன்று கிழமேல், இன்னொன்று தென்வடல். கைப்பிடிச் சுவரின் உட்புறமும் சேர்த்து 1,450 சதுர அடி, 20 லிட்டர் வாளி நான்கு. கூலியோடு 32,900. பகல் இரண்டு மணிக்குத் தட்டோட்டின் மேல் முன்பு 58 டிகிரி, இப்போது 41.

ஓரிடம் தோற்றது. மழைநீர்க் குழாய் வாயருகே 6×4 அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம். வாட்டத்தைச் சரிசெய்யாமல் அதன்மேலேயே அடித்தோம். கோடை மழை இரண்டு பெய்ததும் பூச்சு அப்பளமாக உரிந்தது. பூசும் முன் வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே நிற்கிறது என்று பார்த்திருந்தால் ஒரு மூட்டை சிமென்டில் முடிந்திருக்கும். பூச்சு வேலை செய்வது வெள்ளையாக இருக்கும்வரைதான், வருடா வருடம் மாசியில் கழுவ வேண்டும்.

மேற்கு ஜன்னல்களுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்றார்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது மேல். ஒரு அடி வெளியே நீட்டிய எம்.எஸ். சட்டத்தில் 75 சதவீத நிழல்வலை, ஜன்னலுக்கு 3,200.

சாப்பாட்டு மூலை

ஒரே ஒரு சீட்டுதான் இதைக் கேட்டிருந்தது. ஆனால் மற்றவர்கள் மேசையிலேயே சாம்பிளைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பழகியிருந்தார்கள், அதனால் கேட்கத் தோன்றவில்லை. ரசம் சிந்திய சாம்பிளுக்கு மறு சாம்பிள் தைக்கும் செலவைக் கணக்குப் பிரிவு எடுத்துக் காட்டியதும் இடம் ஒதுங்கியது. தென்கிழக்கு மூலையில் 12×10 அடி, 8×3 அடி மேசை, இரண்டு பந்தி. கை கழுவும் தொட்டி, டிபன் கேரியர் அலமாரி, தனி எக்ஸாஸ்ட். 64,000 ரூபாய். கதவு வேண்டும், இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு நாளில் அலமாரியிலுள்ள துணி மொத்தமும் அதை நினைவில் வைத்திருக்கும்.

கணக்கு

மேசை 2,13,600. நாற்காலி 1,77,600. தடுப்பும் அறை மாற்றமும் 1,12,000. மின், நெட்வொர்க் 96,000. போன் கூண்டு 76,000. சாப்பாட்டு மூலை 64,000. அலமாரி 58,000. விளக்கு, மாட்டும் கூலியோடு 45,300. ஒலி அட்டை 42,000. பெயின்ட் 38,000. மாடிப் பூச்சு 32,900. விசிறி 24,800. கதவு 14,500. மேற்கு நிழல்வலை 12,800. கழிவறை 11,500. எக்ஸாஸ்ட் 9,600. தப்புகளுக்குக் கட்டிய அபராதம், அதாவது ஃபோம், கால் அறுப்பு, விளக்கு இறக்கம், ஆரஞ்சுச் சுவர், எல்லாம் 22,700. கூட்டினால் 10,51,300 ரூபாய், சதுர அடிக்கு 782.

இதில் மாடிப் பூச்சு, நிழல்வலை, விளக்கு, விசிறி, கதவு, எக்ஸாஸ்ட், கழிவறை ஏழும் சேர்ந்து 1,51,400 மட்டுமே. மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. சித்திரையில் மறுபடி டப்பா வைத்தபோது சூடு என்று வந்த சீட்டு இரண்டு, வெளிச்சம், கழிவறை எதுவும் இல்லை. கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது என்றால் இந்த ஏழு வேலைகளை முதலில் முடித்துவிட்டு, மேசை நாற்காலிக்கு அடுத்த வருடம் போகலாம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள், மேசை கண்ணுக்குத் தெரியும், காற்று தெரியாது என்பதால்.

ஆள் நிற்கிறார்களா என்ற கேள்விக்கு ஆறு மாதத்தில் பதில் சொல்ல முடியாது. புதிய டப்பாவில் அதிகம் வந்த புகார் போன் கூண்டு போதவில்லை என்பது, ஒன்பது சீட்டு. மூன்றாவது கூண்டுக்கு ப்ளைவுட் இறங்கிவிட்டது, காற்றுப்பாதையை இந்த முறை முதலிலேயே வரைந்திருக்கிறோம்.